கேள்வி கேட்காத லயம்

பெடாஸ் பக்கம், எஸ்டேட் லயம்
செப்டம்பர் 1952

அன்பு மகன் தங்கராஜுவுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், முள்வேலிக்குள் அடைபட்ட லயத்து வரிசைவீட்டுச் சனங்கள் அத்தனை பேரும், ஆடு கோழி உட்பட நலம். சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க மாரியாத்தா துணையிருக்கட்டும். அப்பா விடுதலையாகி வந்துவிட்டார் என்று நான் போட்ட கார்டைப் பார்த்து உடனே வருகிறேன் என்று எழுதினாய், நான்தான் வராதே என்று தடுத்தேன், அந்தக் கோபத்தில் நீ இரண்டு மாதம் ஒரு வரிகூடப் போடவில்லை. காரணத்தை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது, முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

மடியில் சோற்றுப் பொட்டலத்தோடு ரப்பர் பால் வெட்டப் போனார் என்றுதானே அப்பாவைப் பிடித்தார்கள். இருபது வருசப் பழக்கம், சோறு கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மனுசன் மறந்துவிட்டார். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்தாயா என்று ஏழு மாதம் முகாமில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றால் அடி, ஆமாம் என்றால் அன்றைக்கு அடி நிற்கும், இதை அவரோடு அடைபட்டிருந்த கோலா பிலா ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தினம் ஒரு விதமாக ஒப்புக்கொண்டதால் எதை நம்புவது என்று புரியாமல் கடைசியில் விட்டுவிட்டார்களாம். வந்த மனுசனிடம் யார் எதைக் கேட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு ஆமாங்கையா நான்தான் என்கிறார். சாப்டாச்சா என்று கேட்டாலும் நான்தான் குடுத்தேங்கையா. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுக் கோழியைக் காணோமே என்றதற்கு நான்தான் அறுத்தேன் என்று அழுதார், அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கோழி தானாக நடந்து வந்தது. மழை ஏன் இன்னும் வரலே என்று யாரோ வானத்தைக் கேட்டதற்கும் இவர்தான் பொறுப்பேற்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன்.

அப்புறம்தான் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி மணியம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரையும் நிறுத்தி, இனிமே அண்ணன் காதுபட யாரும் எதையும் கேக்கக் கூடாதுலா, கேள்வின்னா மனுசனுக்கு ஒதறுது என்று சொல்லிவிட்டார். நம் சனங்களுக்குக் கேள்வி கேட்காமல் பேசத் தெரியுமா, பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன். பக்கத்து வீட்டு மாரியம்மா வாசலில் நின்று, இந்த வீட்டுல இன்னிக்கு என்னமோ கொழம்பு, அது என்னன்னு தெரிஞ்சா நல்லாருக்கும் என்று கூரையிடம் சொல்வாள். பள்ளிக்கூட வாத்தியார் அஞ்சும் மூணும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருப்பார். நீயோ வாயைத் திறந்தால் கேள்வி, பேசப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான், அதனால்தான் உன்னை வராதே என்றேன்.

இப்படி இருக்கும்போது டவுன் போலீஸ் ஸ்டேசனிலிருந்து கடிதாசி வந்தது, அங்கே வந்திருக்கும் புதுத் துரை ஒரு தடவை விசாரித்து ஃபைலை மூடுவாராம், சந்தேகம் இருந்தால் மறுபடியும் முகாம். இவர் ஆமாங்கையா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடுவார், இந்தத் தடவை போனால் உயிரோடு வரமாட்டார். ஆகவே இல்லை என்று சொல்லப் பழக்குவது என்று முடிவாயிற்று. மணியம் தொப்பி போட்டுக்கொண்டு துரையானார், கம்பைக் கண்டால் நடுங்குவார் என்று கையில் ஒரு வாழைப்பழம். பெரிய தொரையோட காரை நீ தின்னியா என்று கேட்பார், ஆமாங்கையா என்பார் உன் அப்பா. ஒன்பது நாள் காரை முழுசாகத் தின்றார். பத்தாம் நாள், டயரை மட்டும் தின்னலைங்கையா என்றார், லயமே கைதட்டியது, மாரியம்மா ஓடிப்போய் சர்க்கரை கொண்டுவந்து வாயில் போட்டாள். அதற்குப் பிறகு ஒரே வேகம், ஒரு வாரத்தில் எதைக் கேட்டாலும் இல்லைங்கையா.

எதைக் கேட்டாலும் என்றால் எதைக் கேட்டாலும்தான், அது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. ஸ்டேசனில் துரை, அப்பாவின் பேரைச் சொல்லி, அது நீதானே என்றார், இல்லைங்கையா. இந்த எஸ்டேட்தானே, இல்லைங்கையா. இவள் உன் பெண்சாதியா, இல்லைங்கையா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு கேட்டிருப்பேன். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, அப்படியானால் உன் புருசன் பேரை நீ சொல் என்றார். கட்டினவர் பேரைச் சொல்லி எனக்கு வழக்கம் உண்டா. வேலு வச்சிருக்கிற சாமி பேருங்கையா, மயில்மேல போவாரே என்றேன். மொழிபெயர்க்க நின்ற தமிழ்ப் போலீஸ்காரப் பையன் இதை எப்படிச் சொன்னானோ, அந்த மயில் இப்போது எங்கே இருக்கிறது என்று துரை கேட்டார். பிறகு மேசையில் குத்தி, இவளும் எதையோ மறைக்கிறாள், இவளையும் உள்ளே வை என்று கத்தினார்.

அதுவரைக்கும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா எழுந்தார். தொரை, அவள அதட்டாதீங்க, புருசன் பேரை அவ சொல்லமாட்டா, நான் சொல்றேன் என்று தன் பேரையும் தன் அப்பன் பேரையும் சொன்னார். நான் யாருக்கும் சோறு குடுக்கல, அது என் சோறு, பசிக்கும்னு கட்டிக்கிட்டுப் போனேன் என்றார். துரை மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டார், மூன்று தடவையும் அதே பதில். ஃபைலை மூடிக் கட்டிவிட்டார் மகனே.

திரும்பும் பஸ்ஸில், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெடாஸ் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே, ஏன் செல்லம், லயத்துல ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறீங்களே, அங்க எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கணும்னு ஒனக்குக்கூடத் தோணலியா என்றார். நல்லது செய்கிறோம் என்று நினைத்து இரண்டு மாதம் அந்த மனுசனைத் தனியாக விட்டிருக்கிறோம் தங்கராஜு. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். கேட்டேன். எஸ்டேட் கேட் வரைக்கும் சொன்னார், சொல்லி முடியவில்லை, இறங்கிப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். அதை நான் எழுதமாட்டேன், அது அவர் சொல்ல வேண்டியது.

தீபாவளிக்கு லீவு போட்டுக் கட்டாயம் வா, வழியில் சோதனை அதிகம், அடையாளக் கார்டை மறந்துவிடாதே. மாரியாத்தா உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். வந்ததும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவர் நடுவில் நிறுத்தினால் நீயும் சும்மா இரு, எழுந்து மட்டும் போகாதே.

உன் அம்மா
செல்லம்