புள்ளிக்கோழியை அடைத்த நாள்

இன்று காலை வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்த கை இது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் உன் நினைவு வந்து, அப்படியே கீழே வைத்துவிட்டேன். என் பெரிய மகன் செம்பட்டிச் சந்தையில் ஆறு கோழி வாங்கி வந்து விட்டிருக்கிறான். அதில் ஒன்றின் முதுகை மற்றவை கொத்தி மொட்டையாக்கிவிட்டன. நீ செய்வதுபோலவே மருந்து போட்டேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருக்கும்போது உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சேவுகம்பட்டியிலிருந்து என் கொழுந்தனுக்கு மனைவியாக நீ வந்தபோது, நான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. நீ சிரித்த முகக்காரி. வந்த மாதமே எல்லாருக்கும் உன்னைப் பிடித்துப்போயிற்று. எனக்கு அது பொறுக்கவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கொல்லையில் அப்போது பதினொரு கோழிகள். அவற்றில் பெரியது, என் அம்மா வீட்டிலிருந்து வந்த புள்ளிக்கோழி. சின்னது, நீ கூடவே கொண்டு வந்த சாம்பல் நிற விடைக்கோழி. பின்பக்கம் சம்பங்கி நட்டிருந்தோம். கோழிகள் கிளறுகின்றன, பகலிலும் கூட்டிலேயே அடைத்துப் போடுங்கள் என்று சொன்னவள் நான்தான். அடைத்த பத்தாம் நாள் கூட்டில் இறகாய்க் கிடந்தது. சாம்பல் கோழியின் வாலடியில் தோல் தெரிந்தது.

"கோழிப் பொறுப்ப உன்கிட்ட விட்ட லட்சணம் இதா?" என்று அத்தை உன்னைக் கேட்டார்கள். அடைக்கச் சொன்னது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீ தயங்கித் தயங்கி வந்தாய். "அக்கா, புள்ளிக்கோழிய நாலஞ்சு நாளு தனியாப் போட்டு வைப்பமா? அதுதான் ஆரம்பிச்சு வைக்குது. அதப் பாத்து மத்ததும் கொத்துது."

"எங்கம்மா வீட்டுக் கோழி உன் கண்ண உறுத்துதாக்கும். அடி வாங்குறதத் தூக்கி வெளிய போடு."

"அதத் தூக்கிட்டா அடுத்ததக் கொத்தும்க்கா."

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன்: "வந்து ஆறு மாசம் ஆகல, யாரத் தனியாப் போடணும்னு சொல்ல வந்துட்டா." எல்லாரும் சிரித்தார்கள். உன் புருஷனும் சிரித்தான். நீ தலையை நிமிர்த்தவில்லை. மறுசோறு கேட்காமல் கை கழுவப் போய்விட்டாய்.

மூன்றாம் நாள் காய்ந்த துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். சாம்பல் கோழி மூலையில் தலையைச் சுவரிடுக்கில் செருகி நின்றது. பின்புறம் முழுக்க ரத்தம். நாலு கோழிகள் மாறி மாறிக் கொத்திக்கொண்டிருந்தன. புள்ளிக்கோழியின் அலகு சிவந்திருந்தது.

நான் கதவைத் திறக்கவில்லை. துணியை மார்போடு அணைத்தபடி நின்று பார்த்தேன். அது செத்துவிட்டால் இந்தப் பேச்சு இத்தோடு முடியும் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கொடி முழுக்கத் துணி எடுத்து முடிக்கிற நேரம் இருக்கும். அந்தக் கோழி கத்தவே இல்லை. கத்தியிருந்தால் ஒருவேளை நின்றுகொண்டே இருந்திருப்பேன். கொத்தும்போதெல்லாம் உடம்பை மட்டும் குறுக்கிக்கொண்டது. சாப்பாட்டு இலைக்கு முன்னால் நீ உட்கார்ந்திருந்த விதம் சட்டென்று கண்ணில் வந்தது. துணியைக் கீழே போட்டேன். கதவைத் திறந்து புள்ளிக்கோழியை இறக்கையோடு பிடித்துத் தூக்கி வந்து, மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினேன்.

சத்தம் கேட்டு ஈரக்கையோடு ஓடி வந்தாய். கோழியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். "வேப்பெண்ண எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

கோழியை நான் பிடித்துக்கொள்ள நீ மருந்து தடவினாய். "ரத்தச் செவப்பு வெளிய தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா, சும்மா இருக்குறதும் கொத்த வந்துரும்" என்றாய். அன்று சாயங்காலமே அத்தையிடம் போய், "அடைக்கச் சொன்னது நாந்தான் அத்தே, அவ மேல தப்பில்ல" என்று சொன்னேன்.

அப்புறம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சம்பங்கியைச் சுற்றிப் பழைய வலை கட்டினோம். கோழிகள் வெளியே மேயப் போயின. ஒரே இடத்தில் வைத்த இரையை இரண்டு மூலையில் பிரித்து வைத்தாய். தவிட்டில் கருவாட்டுத் தூள் கலந்தாய். கொத்திக்கொண்டு கிடக்கட்டும் என்று அகத்திக் கொத்தைக் கயிற்றில் தொங்கவிட்டாய். புள்ளிக்கோழியை ஆறு நாள் கழித்துச் சேர்த்தபோது, அது புதுக்கோழி போல ஓரமாக நின்றது. சாம்பலுக்கு மெல்ல இறகு முளைத்தது. வாலடியில் ஓர் இடம் மட்டும் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு நீதான் துணை. நாகல் நகருக்குத் துணி எடுக்கப் போனாலும் ஒன்றாகத்தான் போவோம். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் நீ ஒன்று சொல்வாய்: "எங்கக்கா பாத்த ஒடனே ஓடிப்போய்த் தூக்குனாங்க." ஒவ்வொரு தடவையும் நான் பேசாமல் இருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் உனக்குத் தலை வாரிவிட்டபோதுகூட, முடி கையோடு வந்துகொண்டிருந்த அந்த நாளிலும், நர்ஸிடம் அதே கதையைச் சொன்னாய். 'இல்லடி, நான் நின்னு பாத்தேன்' என்று தொண்டை வரைக்கும் வந்தது. உன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். நாலாம் நாள் நீ இல்லை.

இப்போது சொல்லிவிட்டேன். நீ ஊரெல்லாம் சொன்ன அக்கா அன்று நான் இல்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், நம் சொந்தத்துக்குள் புதிதாக வந்த மருமகளை நாலு பெண்கள் சுற்றி நின்று நிறத்தையும் நகையையும் சொல்லிக் கேலி செய்தார்கள். அவளும் சிரிப்பது போல நின்றாள். எனக்கு இப்போது முழங்கால் வலி, எழுந்தால் செத்த நேரம் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்று எதையும் பிடிக்கவில்லை. அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நடுவில் போய் நின்று, "வா தாயி, எங்கூட உக்காந்து சாப்பிடு" என்று அவள் கையைப் பிடித்தேன். அந்தக் கை சில்லென்று இருந்தது. பந்தி முடிகிற வரைக்கும் நான் விடவில்லை.