சோப்புப் பெட்டிக்குள் ஒன்பது வோல்ட்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா கொடுத்த பால் பம்ப் இருக்கிறது, அதன் அடாப்டர்தான் வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது. "கடையில விசாரிக்கட்டா?" என்றார் இவர். "அப்புறம் நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சது எதுக்கு?" என்றேன். பழைய லேப்டாப் அடாப்டரில் மாட்டி, வேண்டிய வோல்ட்டுக்குத் திருகி வைத்துக்கொள்ள ஒரு சின்ன ரெகுலேட்டர். பாப்பா தூங்கும்போதே ஈயம் பற்றவைத்து முடித்தேன். மீட்டரில் ஒன்பது வோல்ட், அசையவே இல்லை. இவர் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் பால் எடுத்து வைக்கப் பழகிவிட்டால் பாப்பாவுக்கு மாவுப்பால் வேண்டாம்.

மார்ச் 5

பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். அந்த ஒயர்களில் விரலை வைத்துவிட்டால்? ரெகுலேட்டரை சோப்புப் பெட்டிக்குள் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். இப்போதுதான் நிம்மதி.

மார்ச் 9

முதலில் நன்றாக வருகிறது. கொஞ்ச நேரத்தில் பம்ப்பின் சத்தம் தாழ்கிறது, பாலும் நின்றுவிடுகிறது. பம்ப்பைக் கழற்றி, டேப்பைப் பிரித்து அளந்தேன் — ஒன்பது. பெட்டியில் தப்பில்லை. உறிஞ்ச ஒன்றும் இல்லையென்றால் பம்ப் என்ன செய்யும், பாவம்.

மார்ச் 14

மாமியார் சொன்னது: "அந்த மெஷினோட எவ்வளவு நேரம்மா மல்லுக்கட்டுவ? உனக்கு ஊறல, அவ்வளவுதான். புள்ளையப் பட்டினி போடாத." கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் வலித்தது. அவரே மாவுப்பால் கரைத்தார். பாப்பா மடமடவென்று குடித்தாள்.

இத்தனை நாளும் பசியோடயா இருந்தே கண்ணு? நான் எதைப் பாத்துட்டு இருந்தேன்?

மார்ச் 17

மறுபடியும் அளந்தேன். ஒன்பது.

மார்ச் 24

மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எல்லா வேளையும் புட்டிதான். பம்ப்பைக் கழுவித் துடைத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தாங்க முடியாத புழுக்கம். இவர் ஒரு குட்டி மின்விசிறியை என் பெட்டியில் மாட்டித் தொட்டில் பக்கம் வைத்தார். சற்றுக் கழித்துச் சமையலறைக்கு வந்து, "உன் பெட்டி சரியான சோம்பேறி. முதல்ல ஜோரா சுத்துது, அப்புறம் தூங்கி வழியுது" என்றார்.

முதலில் ஜோராக. அப்புறம்.

விசிறியை நிறுத்தி, பெட்டியை ஆறவிட்டு மறுபடி போட்டு, மூடியைத் திறக்காமல் ஓடும்போதே வெளி ஒயரில் மீட்டரை வைத்தேன். ஒன்பது. எட்டு. ஆறு. நாலு. டேப்பைப் பிரித்து உள்ளே தொட்டேன், விரல் சுட்டுவிட்டது. இந்த வகை ரெகுலேட்டர் சிப் சூடு மீறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்! காற்றே புகாமல் மூடி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் பம்ப்பைக் கழற்றி, திறந்து, அது ஆறிய பிறகு அளந்தேன். சுமையை இறக்கிவிட்டுக் கேட்டால் யார்தான் முடியாது என்பார்கள்?

வத்திப்போனது நான் இல்ல. ஐயோ, நான் இல்லவே இல்ல.

ஏப்ரல் 6

சூட்டை இழுக்கச் சிப்பின்மேல் ஓர் அலுமினியத் தகட்டைத் திருகி மாட்டினேன். மூடி முழுக்க ஓட்டை போட்டேன். பம்ப் கடைசிவரை ஒரே சத்தத்தில் ஓடியது. பாலோ, புட்டியின் அடியை நனைக்கும் அளவுதான். இப்போது நிஜமாகவே வற்றிவிட்டது.

மாமியாரிடம் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நானும் அவசரப்பட்டுட்டேன்மா."

"நீங்க இல்ல அத்தை."



ஏப்ரல் 20, திங்கள்

ஆபீசில் முதல் நாள். பக்கத்து மேசைக்காரி மாசமாக இருக்கிறாள். பம்ப்பையும் பெட்டியையும் அவளிடம் கொடுத்தேன். "எதுக்குக்கா இதுல இவ்வளவு ஓட்டை? சல்லடையா?" என்று சிரித்தாள். "ஓட்டைய மூடிடாத. பால் குறையுதுன்னு தோணினா, ஓடும்போதே பெட்டியத் தொட்டுப் பாரு. உன்மேல சந்தேகப்படுறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் பண்ணு" என்றேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா என் மடியில் படுத்துத்தான் குடித்தாள். புட்டியைத் தானே பிடித்துக்கொள்கிறாள். நான் கை கொடுத்தால் தள்ளிவிடுகிறாள்.