பத்து டிகிரி என்று நான் பூசிய கோடு

மார்ச் 3, திங்கள்

பல் டாக்டரின் காரில் புது இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. கட்டியவர் என் வீட்டுக்காரர். மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். ஒரு போல்ட்டை முறுக்குவதற்கு முன் அதனிடம் உத்தரவு வாங்குகிற ஆள். இதுவே அவருக்கு அவசரம்தான்.

டைமிங் வைப்பது என் வேலை. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் விழ வேண்டும். சாதாரண இன்ஜினில் கொஞ்சம் முந்தினால் முனகும், அவ்வளவுதான். இது டர்போ. காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே திணிக்கிற சாமான். ஸ்பார்க் முந்தினால், மேலே ஏறி வருகிற பிஸ்டனின் மண்டையிலேயே அடி விழும். அதனால்தான் என் அண்ணன் தன் ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. டைமிங் லைட்டும் கையுமாக அலைவதால் எனக்கு அங்கே 'லைட்டம்மா' என்று பெயர்.

என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "ப்ளக்கைக் கழட்டி, பிஸ்டன் நிஜமாவே உச்சிக்கு வரும்போதுதான் புல்லியில பூஜ்யம் நிக்குதான்னு ஒரு தடவை கேஜ் வெச்சுப் பாத்துடலாமா?"

"எனக்குக் கண்ணு இருக்கு" என்றேன்.

கிராங்க் புல்லி என்பது இன்ஜின் தண்டின் முனையில் சுற்றுகிற சக்கரம்; விளிம்பில் ஐந்து டிகிரிக்கு ஒரு வெட்டு. அதில் ஒரே பிசுக்கு. பழைய இன்ஜினிலிருந்து கழற்றி அப்படியே மாட்டியது. துணியால் துடைத்தேன். முதல் வெட்டு பூஜ்யம், அடுத்தது ஐந்து, மூன்றாவது பத்து. மூன்றாவதில் வெள்ளை பெயிண்ட் பூசினேன். லேப்டாப்பில் ஸ்பார்க்கைப் பத்து டிகிரியில் பூட்டி, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒரு தடவை மின்னுகிற லைட்டைப் புல்லிமேல் அடித்தேன். வெள்ளைக் கோடு இன்ஜினில் இருக்கிற முள்ளுக்கு நேரே வந்து நிற்கிற மாதிரி சரிசெய்தேன். அசையவில்லை. அழகு.

மார்ச் 4, செவ்வாய்

இன்று வண்டியை, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு இழுவையை அளக்கிற டைனோ உருளைமேல் ஏற்றி ஓட்டினோம். என்ன இழுவை! அண்ணன் வாயெல்லாம் பல். "பாப்பா, பின்னிட்டே!" என்றான். எனக்கு முப்பத்தொன்பது வயது. இன்னும் பாப்பாதான்.

மேல் வேகத்தில் இரண்டு தடவை 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்பார்க் முந்தினால் வருகிற நாக்கிங்காக இருக்குமோ என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி ஜாஸ்தி. அதான் தட்டுது" என்றேன். எல்லோர் முன்னாலும்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டர் வந்தார். கார் அவர் பின்னால் இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கப்பட்டு வந்தது. ஸ்டார்ட் செய்து பார்த்தால் புகை, ஆயில், கடகடவென்று சத்தம். ஒருத்தரும் பல்லைக் கடிக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், இன்று நறநறவென்று கடித்தார்.

மார்ச் 12, புதன்

பிரித்தார்கள். மூன்றாவது பிஸ்டன், அதைச் சுற்றி ரிங் என்கிற வளையம் உட்காரும் இடத்தில் உடைந்து தூள்.

அண்ணன் தீர்ப்பு சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ரிங் இடைவெளி சரியில்ல, மாப்பிள்ளை."

"ஒவ்வொண்ணும் அளந்து எழுதி வெச்சிருக்கேன், மச்சான்" என்று இவர் நோட்டை நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

"பாப்பா, உன் டைமிங்?"

"லேப்டாப்பப் பாரு. ஒவ்வொரு டிகிரியும் அதுல இருக்கு. எங்கயும் பேராசைப்பட்டு முந்த வெக்கல."

உண்மைதான். லேப்டாப்பில் எல்லாம் உத்தமமாக இருந்தது. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, "கொஞ்ச நாள் ஆயில் மாத்துற குழியில இருங்க மாப்பிள்ளை. இந்த இன்ஜினை வேற ஆள் கட்டட்டும். அப்புறம் மேல பேசலாம்" என்றான். மேலே பேசுவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் அப்படிப் 'பேசிய' வெல்டர் இப்போது இங்கே இல்லை.

பதினாறு வருஷமாக இன்ஜின் கட்டுகிறவர். குழிக்குள் இறங்கினார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மிக முக்கியமான வேலை, வயர் சுருட்டுவது.

மார்ச் 13, வியாழன்

சாப்பிட்டார். படுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 15, சனி

இன்னும் மௌனம்தான். நான் என்ன குழியைத் தோண்டியா தள்ளினேன்? நான் ஒன்றுமே சொல்லவில்லையே —

ஒன்றுமே சொல்லவில்லை. அதுதானோ?

மகள் வேறு. "அம்மா, அப்பாவா தப்பா அளந்தாரு? என் நோட்டுக்கு அட்டை போடவே ஸ்கேல் வெச்சு அளப்பாரே." பன்னிரண்டு வயதுக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் என் மேஜைமேல் அந்தப் புல்லி. யாரோ மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது.

அவ்வளவு தேய்த்தும் மிஞ்சியிருந்த என் வெள்ளைக் கோட்டைப் பெருமையோடு பார்த்தேன். பிறகு எண்ணினேன். வேலை இல்லாதவள் எண்ணுவதுபோலத்தான் எண்ணினேன்.

ஐந்து வெட்டு.

அன்றைக்கு நான் பார்த்தது நாலு. முதல் வெட்டில் பல வருஷத்துப் பிசுக்கு இறுகி, கல்லாகி, வெட்டே தெரியாமல் மூடியிருந்திருக்கிறது. நான் பூஜ்யம் என்று எண்ணியது ஐந்து. பத்து என்று பூசியது பதினைந்து. லேப்டாப்பில் நான் எவ்வளவு வைத்தாலும் இன்ஜினில் அதைவிட ஐந்து டிகிரி முந்தி நெருப்பு விழுந்திருக்கிறது. டர்போ முழுசாக அமுக்குகிற நேரத்தில் ஐந்து டிகிரி! அந்த இன்ஜின் ஒரு வாரம் தாங்கியதே, அது அவர் கட்டிய கட்டு. வேறு யார் கட்டியிருந்தாலும் ரோட்டு முனையிலேயே போயிருக்கும்.

இந்தப் புல்லிக்கு நாலு வெட்டு போலிருக்கிறது என்று அன்று நினைத்தது ஞாபகம் வருகிறது. போலிருக்கிறதாம்! மற்றவன் 'போலிருக்கு' என்று சொன்னால் அவனை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள் நான்.

அந்த 'டிக்' சத்தம். அவர் என் முகத்தைப் பார்த்தாரே. ஐயோ, என்ன பேச்சு பேசினேன்.

மார்ச் 19, புதன்

அண்ணனின் அறைக்குப் போய் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். புல்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரு துணியால் சுற்றி மேஜைக்கு அடியில் வைத்தான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்ல."

"அப்ப விடு பாப்பா. மனுஷங்கதானே, தப்பு வரும். டைமிங் தப்புன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் டர்போ வண்டியை இங்க கொண்டுவருவான்?"

"அவரு?"

"மாப்பிள்ளைக்கு வேற இடத்துல நானே சொல்லி வெக்கறேன். நல்ல இடமா."

என்ன தாராளம்! நான் செய்தால் மனுஷத் தப்பு. அவர் செய்யாதது தொழில் தெரியாத தப்பு. தங்கையாகப் பிறக்கிறதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் புல்லியைக் கழுவினது யாரு தெரியுமா?"

"நான்தான்."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பின்ன ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

தட்டைத் துடைத்து அடுக்கினார். ஒன்றன் மேல் ஒன்றாக, விளிம்பு சேர. "நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்றேன்னுதான் நினைச்சிருப்பே. நீயே எண்ணட்டும்னு வெச்சேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல வரவில்லை. சமையலறையில் நின்று அழுதேன். அவர் குழாயை மூடிவிட்டுப் பக்கத்தில் நின்றார். தொடவும் இல்லை, போகவும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

டாக்டர் காரைப் பார்க்க வந்தார். அண்ணன் ரிங் இடைவெளிக் கதையை மறுபடி ஆரம்பித்தான். நான் நேராக அவன் மேஜைக்குப் போய், துணியைப் பிரித்து, புல்லியை டாக்டர் கையில் கொடுத்தேன். வேலை செய்தவர்கள் எல்லோரும் ஸ்பேனரை வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"எண்ணிப் பாருங்க டாக்டர். அவரு கட்டினது சரி. நான் ஒரு வெட்டை விட்டுட்டு எண்ணினதுதான் தப்பு. நான் வெச்ச நெருப்பு முந்திடுச்சு. பழியை அவர் தலையில போட்டுட்டு சும்மா இருந்ததும் நான்தான்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் நிதானமாக எண்ணினார். "நானும் ஒரு தடவை பக்கத்துப் பல்லைப் பிடுங்கியிருக்கேன், மேடம். இதேதான். எண்ணினதுல தப்பு."

"பேஷண்ட்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்றதுக்குள்ள அவரே நாக்கால எண்ணிட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனைத் தவிர. டாக்டர் போகும்போது சொன்னது இதுதான்: "மறுபடி அவரே கட்டட்டும்."

குழிக்குள்ளிருந்து ஒருத்தர் தலை மட்டும் தெரிந்தது. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மூக்கில் ஆயில்.

மார்ச் 21, வெள்ளி

இன்று நான் குழியில் இறங்கினேன். "கிறுக்கா உனக்கு?" என்றான் அண்ணன். அவருக்கு எட்டு நாள் என்றால் எனக்கும் எட்டு நாள் என்றேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. மேலே நின்று அவர் வேலை செய்வதைப் பார்க்கிற முகம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 24, திங்கள்

ஆயில் தலையில்தான் கொட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் 26, புதன்

ஏழு வண்டி. கீழிருந்து பார்த்தால் எல்லா வண்டியும் அசிங்கம்தான். விலையுயர்ந்த வண்டி கூடுதல் அசிங்கம். அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. 'பாப்பா' இல்லாமல் காது நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

ஒரு பிஸ்டனும் ரிங்கும் மாற்றுகிற வேலைதான்; எட்டே நாளில் டாக்டரின் இன்ஜின் மறுபடி உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் குழியோரம் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"டைமிங் வெக்கணும். வர்றியா?"

"நீங்களே வெக்கலாமே. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். உன் அளவுக்குத் தெரியாது." கையிலிருந்த கேஜைக் குழியோரம் வைத்தார். "உன்மேல கோபம் போயிடுச்சுன்னு சொன்னா அது பொய். இன்னும் இருக்கு. ஆனா நான் கட்டின இன்ஜினுக்கு வேற ஒருத்தர் நெருப்பு வெக்கிறதை என்னால பாக்க முடியாது. ஏறி வா."

கையை நீட்டினேன். கை முழுக்க ஆயில். வழுக்கும் என்று தெரிந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்.