மேசைமேல் இருக்கும் விளக்கு

வீபே,

பட்டாணி சூப் அடுப்பிலேயே இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. மதியம் கூரியர்காரர் வருவார். மாடிப்படியில் இருக்கும் நான் விற்கும் கம்பளிக் காலுறைப் பெட்டிகளைக் கொடுத்துவிடு. முகவரியெல்லாம் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

"சரக்க வீட்டுல அடுக்கி வெச்சிக்கிட்டு ஏன் மாரடிக்கிற? என்னப் பாரு, ஆர்டர் வந்தா அப்படியே ஃபேக்டரிக்குத் தள்ளி விட்டுருவேன். அவனே நேரா அனுப்பிருவான். பொருள நான் கண்ணால கூடப் பாக்கறதில்ல" என்று நேற்றும் சொன்னாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மேசைமேல் இருக்கும் விளக்கு உன் இணையக் கடையில் வாங்கியது. நம் கல்யாணத்துக்கு முன் எனக்கிருந்த என் அப்பாவின் குடும்பப் பெயரில், நம் வீட்டு முகவரிக்கே ஆர்டர் போட்டேன். நீ பார்க்காமலே தள்ளி விட்டிருக்கிறாய். ஏன் இன்னும் வரவில்லை என்று எழுதிக் கேட்டேன். சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்துகொண்டு பதில் அனுப்பினாய்: "உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும். உங்கள் மனநிறைவே எங்களுக்கு முக்கியம்."

உடைந்துதான் வந்தது. கண்ணாடி கையில் குத்தும், பார்த்து எடு.

நான் குரோனிங்கனுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

சீட்ஸ்கெ

பி.கு.: அக்கா வீட்டு முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இதையாவது படி.