வாடகை வீட்டுக்கு ஒரு குடம்

அம்மா,

பால் காய்ச்சிய அன்று சாயங்காலம், "வீடு பிடிச்சிருக்காட்டி?" என்று நீ கேட்டாய். பிடித்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. "தண்ணி எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டேன். நீயும் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, கீழே போகிற பஸ்ஸைப் பார்க்கத் தொடங்கிவிட்டாய்.

இன்று காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஜன்னலோரம் நின்று, "பாளை, பாளை" என்று கூவி ஆள் ஏற்றுகிற நடத்துநரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் திரும்பினேன். அந்த வாடையோடு டீசல் புகையும், எதிர்க்கடையில் வடைக்குக் காயும் எண்ணெயும் கலந்து வந்தன. இது உன் வீட்டின் வாடை. நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் சொந்த வீட்டுக்கு வாடை என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. அங்கே காற்று சுத்தமாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

அப்பா அந்த மனையை வாங்கியபோது அங்கே மஞ்சள் பூசிய எல்லைக்கற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. தவணை கட்டி முடித்து, மறுபடியும் கடன் வாங்கி, ஒவ்வொரு அறையாக எழுப்பினார். இன்னும் கொஞ்ச வருஷத்தில் ஊர் இங்கே வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊர் வரவில்லை. மயில்கள்தான் வந்தன. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து அகவும். நான் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவற்றைப் பார்ப்பேன். நீ பார்த்ததாக ஞாபகமில்லை.

நீ வேலை பார்த்த அலுவலகம் பாளையங்கோட்டையில் இருந்தது. காலையில் அப்பாவின் ஸ்கூட்டர். மாலையில் அவர் வரும்வரை அலுவலக வாசலில் நிற்பாய். கறிவேப்பிலை வாங்க மறந்தாலும் ஸ்கூட்டர்தான். அப்பா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் நீ ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருந்தது. "கொஞ்சம் கடை வரைக்கும் போவமா?" என்று நீ கேட்கும் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். ஏதோ கடன் கேட்கிற மாதிரி இருக்கும்.

அப்பா இறந்த பிறகு ஸ்கூட்டர் வீட்டு முன்னால் தூசி படிந்து நின்றது. நான் சென்னையில் வேலையும் விடுதியுமாக இருந்தேன். ஒருநாள் மத்தியானம் நீ போனில் அழைத்தாய்.

"இங்கன வண்ணார்பேட்டைல ஒரு மாடி பாத்திருக்கேன்ட்டி."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

"அப்ப நம்ம வீடு?"

"வாடகைக்கு விட்டாச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேங்க்ல இருக்காவ. ஆளுக்கொரு வண்டி வச்சிருக்காவ. அந்த வீடு அவியளுக்குத்தான் சரிப்படும்."

அங்கிருந்து வரும் வாடகை இங்கே கொடுக்கும் வாடகைக்குப் போதவில்லை. மீதியை உன் ஓய்வூதியத்திலிருந்து போட்டாய். அதற்காக, என் கல்யாணத்தை நினைத்துக் கட்டிவந்த நகைச்சீட்டை நிறுத்தினாய். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினாய். எனக்கு அந்த நகை வேண்டியிருக்கவில்லை. ஆனால் மாமாவுக்கு வேண்டியிருந்தது. உன் அண்ணனாயிற்றே. தங்கை மகள் கழுத்தில் என்ன போட்டு அனுப்புவது என்ற கவலை அவருக்கு நான் பிறந்தபோதே தொடங்கிவிட்டது.

வாடகை வீட்டுக்கும் பால் காய்ச்சுவார்கள்தான். ஆனால் வீட்டு ஆட்கள் மட்டும் கூடி, சத்தமில்லாமல் காய்ச்சிவிடுவார்கள். நாலு பேரை அழைப்பதெல்லாம் சொந்த வீட்டுக்குத்தான். நீ சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போன் போட்டு அழைத்தாய். அழைக்கப்பட்டவர்களுக்கு என்ன உடுத்திக்கொண்டு வருவது, என்ன கொண்டு வருவது என்றே புரியவில்லை. சிலர் பழம் வாங்கி வந்தார்கள். ஒருவர் துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி வெறுங்கையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

"ஏக்கா, வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்ச ஊரைக் கூட்டுனது திருநெல்வேலியிலயே நீ ஒருத்திதான்," என்றாள் சித்தி. "நாளைக்குக் காலி பண்ணும்போதும் சாப்பாடு உண்டா?"

"நீ மொய் எழுதுனா உண்டு," என்றாய்.

பெண் புது வீடு புகுந்தால் அண்ணன் பித்தளைக் குடம் கொண்டு வருவது நம் குடும்பத்து வழக்கம். குடத்தில் அவள் பெயரை வெட்டித் தருவார்கள். வீட்டில் முதலில் நிறைவது அந்தக் குடமாக இருக்க வேண்டும். நாலுவழிச் சாலை வீட்டுக்கு மாமா கொண்டு வந்த குடம் இன்னும் இருக்கிறது. அன்று காலை நீ மூன்று நான்கு தடவை மாடிப்படி வரைக்கும் போய் எட்டிப்பார்த்தாய். நான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே பார்த்தேன். வருகிறவர்களை வரவேற்கப் போகிறாய் என்றுதான் நினைத்தேன்.

பால் பொங்கி அடங்கிய பிறகு மாமா வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே சுவர்க் கடிகாரம். நீ வாங்கிக்கொண்டாய். உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கீழே பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிற வீட்டுக்காரர் அண்ணாச்சி, வாழை இலையிலிருந்து தலையைத் தூக்கி, "ஆணி மட்டும் அடிச்சிராதிய அக்கா. புதுசா பூசுன செவுரு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கடிகாரத்தை அரிசி டின் மேல் சாய்த்து வைத்தோம். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமா ஆரம்பித்தார்.

"ஒம் புருஷன் வாயக் கட்டி வயித்தக் கட்டி எழுப்புன வீடு அது. அங்கன எவனோ காத்து வாங்குதான். நீ இங்கன புகையக் குடிக்கதுக்குக் காசு குடுக்க."

"அண்ணே, அங்கன ஒரு எலுமிச்சம்பழம் வேணும்னாலும் யாரையாவது கேக்கணும். இத்தன வருஷமும் கேட்டாச்சு."

"கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவ?"

"கொறையல. அலுத்துப் போச்சு."

"பொம்பளப் பிள்ள ஒண்ணு கல்யாணத்துக்கு நிக்கி. அது ஞாபகம் இருக்கா?"

"அவ நிக்கல, அன்னா உக்காந்து பாயசம் குடிக்கா," என்றாய். சித்திக்குப் புரையேறிவிட்டது.

மாமா என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பிள்ள. நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" நான் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டும்போது சித்தியிடம் சொன்னார்: "ஒரு மழ பெய்யட்டும். பைய மூட்டையக் கட்டிக்கிட்டு வருவா பாரு." உனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு நாம் இருவரும் பால்கனியில் நின்றோம். பால்கனி என்று சொல்வதே அதிகம். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. எதிரே பேருந்து நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்புகிற கிராமத்து ஆட்கள், துணிக்கடைப் பைகளோடு பெண்கள். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவரைத் தேடுகிறவளைப் போல நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். எனக்கு அந்த வீடு படியேறும்போதே பிடித்துவிட்டது. ஆனால் மாமாவின் பேச்சு காதுக்குள் இருந்தது. மாதச் சம்பளத்தை இப்படிக் கண்ணுக்குப் பிடித்த இடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

மழை பெய்தது. நீ மூட்டை கட்டவில்லை. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் உன்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். மாதச் சாமான் என்ற வழக்கத்தையே விட்டிருந்தாய். ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் கீழே போவாய். மேலே வந்து, மல்லித்தழைக்கு மறுபடியும் போவாய். சாயங்காலம் பூக்கார அக்காவிடம் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, கொக்கிரகுளம் பாலம் வரைக்கும் நடந்து, ஆற்றை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புவாய்.

"மொத்தமா வாங்குனா மிச்சம்தானம்மா," என்றேன் ஒரு முறை.

"மிச்சந்தான். மிச்சத்த பீரோவுல பூட்டி வச்சு அதையா பாத்துக்கிட்டு இருக்க?" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாய். அந்த முறை எதற்குப் போனாய் என்று நினைவில்லை. அனேகமாக எதற்கும் இல்லை.

நகரங்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். தனியாக நடந்து திரிகிறவர்கள் எழுதியவை, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதியவை. எல்லாம் பெரிய ஊர்கள். அவற்றைப் படித்துக் கோடிட்டுக்கொண்டிருந்த நாட்களில், அதே ஆசையோடு நம் வீட்டில் ஒருத்தி ஸ்கூட்டருக்காகக் காத்து நின்றிருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த கோடையில் ஒரு நாள் காலை உனக்கு நெஞ்சில் வலி வந்தது. நீ யாரையும் அழைக்கவில்லை. வீட்டைப் பூட்டி, பூக்கார அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த தெருவில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய் நீயாகவே சேர்ந்துகொண்டாய். பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "நெஞ்ச என்னமோ பண்ணுது, பாத்துட்டு வந்திருதேன்னாவ. எலுமிச்சம்பழம் வாங்கப் போற மாதிரிதான் போனாவ தாயி."

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, மறுநாள் காலை நான் ரயிலிலிருந்து நேரே உன் கட்டிலுக்கு வந்தேன். மாமா ஏற்கெனவே வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நேரத்தோடு வந்ததால்தான் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, நீ மாமாவைப் பார்த்தாய்.

"பாத்தியாண்ணே," என்றாய். "யாரையும் கேக்கல."

மாமா உன் காலில் போர்வையை இழுத்துவிட்டார். நீ என் பக்கம் திரும்பி, "பால் வாங்கி ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கேன். கெட்டுப் போகும். போய்க் காய்ச்சிரு," என்றாய். நான் வந்து பூட்டைத் திறந்து பாலைக் காய்ச்சினேன். நீ இல்லாமல் அந்த வீட்டில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. பால்கனிக் கதவைத் திறந்தேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஆற விட்டு, தம்ளரில் ஊற்றி மூடி உனக்கு எடுத்து வந்தேன். இரண்டு வாய் குடித்தாய். மறுநாள் மத்தியானம் போய்விட்டாய்.

காரியங்கள் முடிந்ததும், வீட்டைக் காலி செய்துகொடுத்துவிடலாம் என்றார்கள். நான் செய்யவில்லை. சென்னையில் இருந்துகொண்டே பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வாடகை அனுப்பினேன். சித்தி அதைப் பைத்தியக்காரத்தனம் என்றாள். இருக்கலாம். விடுதியில் படுத்திருக்கும்போது, ஊரில் அந்த ஜன்னலுக்குக் கீழே இப்போது இந்த பஸ் வந்து நிற்கும் என்று நினைத்துக்கொள்வேன். அதற்காகத்தான் அனுப்பினேன். பிறகு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டானில் ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் சென்னையைவிடக் குறைவு. கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே சல்லிசாக வீடு பிடித்திருக்கிறார்கள். கம்பெனி பஸ் வண்ணார்பேட்டையிலும் நிற்கும். எனக்கு அது போதும்.

புடவை எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். புத்தகங்களைக்கூடக் குறைத்துக்கொண்டேன். வேலை முடிந்து வந்து இறங்கியதும் உடனே படியேறுவதில்லை. ஒரு எலுமிச்சம்பழம் வாங்குகிறேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிடக்கும். பூக்கார அக்கா நான் கேட்காமலே ஒரு முழம் அளந்துவிடுகிறாள். பாலம் வரை நடக்கும்போது என் இடது பக்கத்தில் உனக்கு இடம் விட்டு நடக்கிறேன். அங்கே போய் நின்று, நீ எதைப் பார்த்தாய் என்று ஆற்றைப் பார்க்கிறேன். ஒன்றும் புலப்படுவதில்லை. திரும்பி வந்துவிடுகிறேன்.

போன மாதம் ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்றினோம். கையெழுத்துப் போட்டதும் அண்ணாச்சி, "பேரு மாறுனா புதுக் குடித்தனம்தாம்மா. பால் காய்ச்சிரு," என்றார். நான் மாமாவுக்கு மட்டும் போன் செய்தேன்.

"எந்த வீட்டுக்கு?" என்றார்.

"வண்ணார்பேட்டை வீட்டுக்குத்தான் மாமா."

என்றைக்கு என்று மட்டும் கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டார்.

பால் காய்ச்சுகிற அன்று விடியும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமாதான். தோளில் துண்டு சுற்றிய குடம். துண்டை எடுத்தார். பளபளப்பு போய், வாங்கிப் பல நாளான பித்தளையாக இருந்தது. கழுத்தில் உன் பெயர் வெட்டியிருந்தது.

"அப்பமே வாங்குனதுதான்," என்றார். "அன்னைக்குக் கொண்டார மனசு வரல."

குடத்தை அடுப்படியில் இறக்கி வைத்துவிட்டு, அரிசி டின் மேல் சாய்ந்திருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"தண்ணி எத்தன மணிக்கு வரும்?"

"ஆறு மணிக்கு மாமா."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. மாமாவே குடத்தைக் குழாயடியில் வைத்து நிரப்பினார்.