புள்ளி வைக்காத பக்கங்கள்

ஹரிஸ் பார்க், சிட்னி
08.01.2012

அன்புள்ள பிரவீனன்,

உங்கள் பெயரையும் மெல்பேர்ண் விலாசத்தையும் சத்தியபாமா அன்ரி தந்தா. இந்த வருடம் என்னுடன் சோடி சேர்ந்து வாசிக்கப் போவது நீங்கள்தான் என்றா.

எங்கள் வாசகர் வட்டத்தில் வருடாவருடம் நடப்பது இது. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு சரித்திர நாவல். பரிசு ஒன்றும் இல்லை. முடித்தவர்களின் பெயரைப் பொங்கல் விழாவில் வாசிப்பார்கள். அவ்வளவுதான்.

புத்தகங்களை இந்தியாவிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருப்பதால் இரண்டு பேருக்கு ஒரு பிரதி. நான் முதலில் வாசித்து அனுப்புவேன். நீங்கள் வாசித்து, உள்ளே ஒரு கடிதம் வைத்துத் திருப்பி அனுப்புங்கள். கையால் எழுதிய கடிதம். ஈமெயில் கூடாது என்பது அன்ரியின் பிடிவாதம். விதிகள் மூன்று. கதை நடந்து ஐம்பது வருடமாவது ஆகியிருக்க வேண்டும். எடுத்த புத்தகத்தை முடிக்க வேண்டும். முடிவை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. பன்னிரண்டாவது புத்தகத்தை மட்டும் சோடியே தெரிவு செய்யலாம்.

முதற் புத்தகம், மன்னார்ப் பக்கம் முத்துக் குளித்த ஒரு குடும்பத்தின் கதை. கடல் நிறைய வருகிறது. நீங்கள் படகில் வந்தவர் என்று அன்ரி சொன்னா. கடல் வேண்டாம் என்றால் எழுதுங்கள், வேறு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சி. பிரியதர்சினி


டண்டினோங், மெல்பேர்ண்
29.01.2012

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

புத்தகம் பத்திரமாகக் கிடைத்தது. கடல் பரவாயில்லை. கதையில் வரும் கடல் ஆளை நனைப்பதில்லை.

நான் வெளியே வந்து இரண்டு மாதம். அதற்கு முன் ஒன்றரை வருடம் தடுப்பு முகாமில். இப்போது ஐந்து பேராக ஒரு வீட்டில் இருக்கிறோம். கதிரை இரண்டுதான். ஒருவர் சாப்பிட்டு எழும்பினால் மற்றவர் இருக்கலாம். பகலில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை. கரட் கழுவிக் கழுவி என் விரல்களும் கரட் நிறமாகிவிட்டன. வீட்டுப் பெடியள் என்னை முயல் என்கிறார்கள்.

கதையில் எனக்குப் பிடித்தது அந்த மூத்த மகன். மூச்சை அடக்கும்போது எண்களை எண்ணாமல் ஊர்ப் பெயர்களை எண்ணுகிறானே, அந்த இடம்.

ஒன்று கேட்கலாமா? ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி இருக்கிறது. நீங்கள் வைத்ததா?

தங்கள் அன்பின்,
பிரவீனன்


ஹரிஸ் பார்க்
12.02.2012

அன்புள்ள பிரவீனன்,

ஓம், நான் வைத்ததுதான். பழைய பழக்கம். சாவகச்சேரியில் எனக்கும் தம்பிக்கும் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம்தான் கிடைக்கும். அவன் என்னைவிட வேகமாக வாசிப்பான். வாசித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டான். சோறு போடும்போது வந்து, இன்னார் சாகப் போகிறார் என்று சொல்லிவிட்டு ஓடுவான். அதனால் ஓர் ஒப்பந்தம் செய்தோம். நான் வாசித்த பக்கத்தில் புள்ளி வைப்பேன். புள்ளி இருக்கும் பக்கம் வரைக்கும்தான் அவன் கதைக்கலாம்.

தம்பியின் பெயர் ஜசிந்தன். 2009 சித்திரைக்குப் பிறகு தொடர்பு இல்லை. தேடுகிறோம். அம்மாவும் நானும் இங்கே ஒன்றாக இருக்கிறோம்.

உங்களை நான் தம்பி என்று எழுதாததைக் குறையாக எடுக்காதீர்கள். அந்தச் சொல் ஒருவனுடையது. அவன் வந்து கேட்டால் அப்படியே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது புத்தகம் இத்துடன். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை. மழை மட்டும் அதிகம்.

அன்புடன்,
பிரியதர்சினி


டண்டினோங்
22.04.2012

அன்புள்ள அக்கா,

மூன்றாவதையும் முடித்துவிட்டேன். அன்ரி தொலைபேசி எடுத்து எத்தனை பக்கம் முடிந்தது என்று விசாரித்தா. திறை கேட்க வந்த அரச தூதர் தோற்றுப் போவார்.

இதைச் சொல்வதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். மூன்று புத்தகத்திலும் உங்கள் புள்ளி கடைசி அத்தியாயத்துக்கு முன் நின்றுவிடுகிறது. முதற் புத்தகத்தில் நேரம் போதவில்லை ஆக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதில் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். மூன்றாவதிலும் அதே இடம். ஆனால் அன்ரியின் பட்டியலில் மூன்றும் முடிந்ததாக இருக்கிறது.

கோபிக்க மாட்டீர்கள்தானே.

பிரவீனன்


ஹரிஸ் பார்க்
06.05.2012

பிரவீனன்,

உங்களை அன்ரி சோடியாகப் போட்டாவா, சிஐடியாகப் போட்டாவா?

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு மூன்று நாள் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். கோபம் போய்விட்டது. உண்மையை எழுதுகிறேன்.

நான் கடைசி அத்தியாயம் வாசிப்பதில்லை. 2009க்குப் பிறகு ஒன்றும் வாசிக்கவில்லை. முதல் வருடம் முயன்றேன். தாளைத் திருப்பக் கை வரவில்லை. சரித்திர நாவலில் கடைசிப் பக்கம் முடிந்தால் எல்லோரும் இறந்துவிடுகிறார்கள். கதையில் கல்யாணம் நடந்தாலும்கூட. கடைசி அத்தியாயத்தை விட்டுவிட்டால் அவர்கள் எங்கேயோ நடந்துகொண்டிருப்பார்கள். குதிரையில், அல்லது மழையில்.

பொய்யாக முடித்தேன் என்று பதிவது பிழைதான். மூன்று வருடமாக என் பெயரை மேடையில் வாசிக்கிறார்கள். அம்மா முன்வரிசையில் இருந்து கை தட்டுகிறா.

அன்ரியிடம் சொல்வதென்றால் சொல்லுங்கள்.

பி.


டண்டினோங்
15.07.2012

அன்புள்ள அக்கா,

அன்ரியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நீங்கள் விடுகிற அத்தியாயத்தை நான் இரண்டு தரம் வாசிக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. இரண்டு பேருக்கு ஒரு பிரதி என்றால் முடிப்பதற்கும் ஒருவர் போதும்தானே. இப்போது என்னிடம் உங்களுடைய ஆறு முடிவுகள் இருக்கின்றன. வேண்டும்போது கேளுங்கள். கேட்காவிட்டாலும் இருக்கும். இன்னொருவருடைய முடிவைக் காவித் திரிவது பாரம்தான். பழகிவிட்டது.

இங்கே குளிர். விசா நேர்காணலுக்கு இன்னும் தேதி வரவில்லை. வீட்டில் மூன்றாவது கதிரை வந்துவிட்டது, தெருவில் யாரோ போட்டது. ஒரு கால் ஆடும். அது எனக்கு.

அம்மா சுகமா?

பிரவீனன்


ஹரிஸ் பார்க்
16.09.2012

அன்புள்ள பிரவீனன்,

அம்மா சுகம். உங்கள் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன், சில வரிகளை விட்டுவிட்டு. முயல் கதைக்குச் சிரித்தா. அவ சிரித்து எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்குப் பருத்தித்துறை வடை அனுப்பச் சொன்னா. புத்தகத்தில் எண்ணெய் படாமல் மூன்று தாளில் சுற்றியிருக்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மாவை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். தம்பியின் பெயருக்கு அர்ச்சனை. ஐயர் பெயர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார். ஜசிந்தன், உத்திரட்டாதி. அதைச் சொல்லத்தான் அம்மா ஒரு மணித்தியாலம் காரில் இருக்கிறா. உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அர்ச்சனை. வழி முழுக்கக் காடு. அம்மா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவா, மறந்துபோகிற விஷயம் மாதிரி.

போன கிழமை ஒரு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் முதல் வரி மட்டும் வாசித்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குப் புள்ளி வைக்கவில்லை.

பன்னிரண்டாவது புத்தகத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள். உங்கள் தெரிவில் எனக்கு நம்பிக்கை உண்டு.

அன்புடன்,
பிரியதர்சினி


டண்டினோங்
25.11.2012

அன்புள்ள அக்கா,

பதினோராவது புத்தகத்துடன் ஒரு கொப்பியும் அனுப்புகிறேன். அதுதான் பன்னிரண்டாவது. கடையில் வாங்கியது அல்ல. நான் எழுதியது.

உங்கள் பெயரைப் போன வருடம் வட்டத்தின் பட்டியலில் கண்டேன். சி. பிரியதர்சினி, சாவகச்சேரி. உங்களோடுதான் சோடி வேண்டும் என்று அன்ரியிடம் நான்தான் கேட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. அப்போதும் உறுதி இல்லை. முதற் புத்தகத்தில் புள்ளிகளைக் கண்டதும் உறுதியாகிவிட்டது. தெரிந்துகொண்டே, நீங்கள் வைத்ததா என்று கேட்டேன். மன்னியுங்கள்.

2009 மாசியிலிருந்து வைகாசி வரை நானும் ஜசிந்தனும் ஒன்றாக இருந்தோம். எங்களிடம் ஒரு கிழிந்த சரித்திர நாவல் இருந்தது. கடைசித் தாள்கள் இல்லை. அவன் புள்ளி வைத்துத்தான் வாசித்தான். யாருக்கு என்று கேட்டேன். அக்கா பின்னால் வருவா என்றான்.

சொல்ல ஒவ்வொரு மாதமும் நினைத்தேன். நீங்கள் கடைசி அத்தியாயம் வாசிப்பதில்லை என்று எழுதியபின், எனக்கு அது வசதியாகிவிட்டது. உங்களுக்காக மறைக்கிறேன் என்று என்னை ஏமாற்றினேன்.

போன செவ்வாய் நேர்காணல் நடந்தது. உன்னோடு இருந்தவர் யார், என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். மொழிபெயர்த்த பெண் ஆங்கிலத்தில் சொன்னா. ஆங்கிலத்தில் அது நாலு சொல். அவர் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். உங்களுக்கு முதலே முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு அது தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்னால் இருக்க முடியவில்லை. நாலு நாளில் கொப்பியை எழுதி முடித்தேன்.

கொப்பியின் கடைசி இரண்டு தாளையும் ஸ்டேப்ளர் கம்பி அடித்து மூடியிருக்கிறேன். பிரிக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் விட்டால் வழக்கம்போல நான் வைத்திருப்பேன்.

பிரவீனன்


ஹரிஸ் பார்க்
09.01.2013

பிரவீனன்,

பதில் எழுத ஆறு கிழமை ஆகிவிட்டது. பார்சல் வந்த அன்று மேசையில் வைத்தேன். அம்மா குசினியிலிருந்து, வடை கிடைத்ததாமோ என்று கேட்டா. ஓம், நல்லாயிருந்ததாம் என்றேன்.

கம்பிகளைப் பிரித்தேன். நகம் உடைந்தது. முதலில் வாசித்தது கடைசிப் பக்கத்தைத்தான். வேறு எப்படி வாசித்தாலும் நான் அந்த இடத்தில் நின்றிருப்பேன்.

வைகாசி பதினாலு. தண்ணீர் எடுக்கப் போனவன். நீங்கள் போக வேண்டிய முறை, உங்களுக்குக் காய்ச்சல் என்று அவன் போனான். இதை எழுத உங்களுக்கு எத்தனை நாள் எடுத்திருக்கும் என்று தெரியும். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் உங்கள் கையெழுத்து வேறு. பனையடியில் அவனை மூடியதும், மண்ணைத் தட்டியதும் வாசித்தேன். புள்ளி வைத்தேன்.

பிறகு அதற்கு முந்திய பக்கம். பிறகு அதற்கும் முந்தியது. கொப்பி முழுவதையும் பின்னாலிருந்து முன்னால் வாசித்தேன். அவன் எழும்புகிறான். வெறும் வாளியோடு திரும்பி வருகிறான். பதுங்குகுழியில் உங்களோடு சேர்ந்து அந்தக் கிழிந்த நாவலுக்கு ஐந்து முடிவு கட்டுகிறான். ஐந்திலும் எல்லோரையும் காப்பாற்றுகிறான். என்னிடம் மட்டும் ஏன் எப்போதும் ஆட்களைச் சாகடித்தான்? பிறகு நடக்கிறீர்கள். பிறகு முதற் பக்கம். தலை முழுக்க மணலோடு வந்து உங்களிடம் சீப்பு கடன் கேட்கிறான். நீங்கள் சிரிக்கிறீர்கள். அவனும். அங்கே என் கடைசிப் புள்ளி.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. போன ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் போனோம். ஐயர் கேட்டார். அம்மா பெயரைச் சொன்னா. நட்சத்திரம் கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தா. உத்திரட்டாதி என்றேன். தீபம் காட்டினார்கள். அடுத்த மாதமும் சொல்வேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு காலம் என்று தெரியாது. உங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. அதற்காக உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத முடியவில்லை. ஒரு வருடம் என் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களைத் தம்பி என்று எழுதி இந்தக் கடிதத்தைத் தொடங்கப் பார்த்தேன். பேனை நின்றுவிட்டது.

இந்த வருடம் நான் சேரவில்லை. உங்களுக்கு வேறு சோடி போடச் சொல்லி அன்ரியிடம் கேட்டிருக்கிறேன். மெல்பேர்ணிலேயே, ரோவிலில் பாஸ்கர் என்று ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர், ஐடியில் வேலை. கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். புத்தகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது வட்டத்தின் வழக்கம். உங்கள் கொப்பியை அனுப்பவில்லை. கேட்காதீர்கள்.

விசா கிடைத்தால் ஒரு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள்.

பொங்கலுக்கு என் பெயரை வாசிக்க வேண்டாம் என்றும் அன்ரிக்குச் சொல்லிவிட்டேன். எத்தனை குறைகிறது என்று கேட்டா. கணக்குப் பார்த்தேன். பதினொரு புத்தகம் எடுத்தேன், ஒன்றையும் முடிக்கவில்லை. முடித்தது உங்களுடையது ஒன்றுதான். அதைச் சேர்க்க விதியில் இடமில்லை. நடந்து இன்னும் நாலு வருடம்கூட ஆகவில்லை.

பிரியதர்சினி