பதினைந்தாவது வரியில் சித்தப்பா

மயிலாடி,
18.9.2006

அன்பு மகன் எட்சனுக்கு அம்மா எழுதுறது. கர்த்தர் கிருபையில இங்க எல்லாரும் சுகம், உன் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கோம். அப்பாவுக்கு மட்டும் இடுப்பு பிடிச்சிருக்கு. அது வியாதி இல்ல, நீ குடுத்தனுப்பின கையடக்கக் கம்ப்யூட்டரால வந்த வினை.

தக்கலையில மாப்பிள்ளை வீட்டுச் சபையில உன் தங்கச்சி சஜிதா நிச்சயம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு போன்ல சொன்னேன்லா, எப்படி முடிஞ்சுதுன்னு சொல்லல, அப்பா பக்கத்துலயே நின்னாரு. பஸ்ஸுக்கு ஆள் கணக்கை அந்த மிஷின்லதான் போடுவேன்னு ஒத்தக் கால்ல நின்ன மனுஷன், அதோட திரையில குத்துற குச்சி தொலைஞ்சு போகவும் ஈர்க்கிலை ஒடிச்சு வச்சுக் குத்துவாரு. வரிக்கு ஒரு வீடு, பக்கத்துக் கட்டத்துல எத்தனை பேர்னு. திரை சின்னது, மொத்தத்தை மேலேயே வையுங்கன்னு நீதான் சொல்லிக் குடுத்தியாம், அதனால பாதிப் பழி உனக்கு. ஃபார்முலா போட்டாச்சு, மொத்தம் நாற்பத்தெட்டு, பஸ்ஸுலயும் நாற்பத்தெட்டு சீட்டு. கச்சிதம்னு தெரு பூரா காட்டிட்டு வந்தாரு.

அப்புறம்தான் உன் ஏசுஅடிமை சித்தப்பா. வேலியோரத்துப் பலாமரத்துக்காக அண்ணனும் தம்பியும் ஒன்பது வருஷமா மூஞ்சியில முழிக்கல. நிச்சயத்துக்கு முந்தின நாள் அப்பாவே நடந்துபோய்க் கூப்பிட்டாரு, அவங்களும் வாறோம்னுட்டாங்க. எனக்கு அழுகையே வந்துட்டு மக்கா. வந்த கையோட அவங்க ஆறு பேரையும் கடைசி வரியில ஏத்தினாரு. மொத்தம் அப்பவும் நாற்பத்தெட்டு. ஆறு பேர் கூடியும் அதேதானான்னு கேட்டேன். மடியில இருக்கிற பிள்ளைகளை அதுவே கழிச்சிருக்கும், உனக்கு என்ன தெரியும்னு என் வாயை அடைச்சாரு.

காலையில பஸ் நிறைஞ்சாச்சு, சித்தப்பா குடும்பம் ஆறு பேரும் கீழே. குளோரி சித்தி கையில ஒரு பெட்டி முந்திரிக்கொத்துப் பலகாரம். சொந்தத் தம்பியை நின்னுட்டு வான்னு சொல்ல முடியுமா? சித்தப்பாவுக்கு முகம் செத்துப் போச்சு, இதுக்குத்தான் கூப்பிட்டியா அண்ணேன்னு கேட்டுட்டு வீட்டைப் பாத்துத் திரும்பிட்டாரு. அப்பா மிஷினைத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடுதாரு, ஏலே உன் பேரு இருக்குலே, பதினைஞ்சாவது வரியிலே, ஆறுன்னு போட்டிருக்கேன் பாருலேன்னு. நான் பிடுங்கி மொத்தக் கட்டத்தைக் குத்தினேன். அதுல B2 முதல் B14 வரைக்கும் கூட்டுன்னு கிடக்கு. பதினாலாவது வரியோட கூட்டல் நின்னுட்டு, பதினைஞ்சாவது வரி கணக்கிலேயே சேரல. சித்தப்பா கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் பாத்தாரு. பலாமரத் தகராறு மிஷின் வரைக்கும் போயிட்டுதா அண்ணேன்னு கேட்டுச் சிரிச்சாரு பாரு, எனக்குப் போன உயிர் வந்துது.

சித்தப்பா பிள்ளைகள் நாலு பேரையும் பஸ்ஸுல எங்க ரெண்டு பேர் சீட்டுல மடி மடியா ஏத்தினோம். அப்பா, நான், சித்தப்பா, சித்தின்னு பெரியவங்க நாலு பேரும் பக்கத்துச் சிலைப் பட்டறையில இருந்து கேரளாவுக்குப் புறப்பட்ட லோடு வண்டியில ஏறினோம், லோடு ஒரு கல்லுப் பிள்ளையாரு. கயிறு தளரவும் சாயாம இருக்க அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் தக்கலை வரைக்கும் அணைச்சுப் பிடிச்சுட்டே வந்தாங்க. இடுப்பு வலி அதுதான். சம்பந்திமாரு சபை வாசல்ல, பிள்ளையாரோட வந்து இறங்கின எங்களை எப்படி வரவேற்கன்னு தெரியாம நின்னாங்க.

அந்த வெளிநாட்டு வெயில்ல தொப்பி இல்லாம நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். கல்யாணம் ஜனவரி 22, மறந்திராதே. அதுக்கான கணக்கையும் அப்பா தொடங்கியாச்சு. இப்போ யாரைச் சேர்த்தாலும் நடுவுல வரி புகுத்தித்தான் சேர்க்காரு, அப்போ மொத்தமும் தானா கூடுதாம். உன் பேரையும் அப்படியே சேர்த்து ஒண்ணுன்னு போட்டிருக்காரு. லீவு கிடைக்குமான்னே தெரியாம எதுக்குன்னு கேட்டேன். சைபர் போடக் கை வரல ஏட்டின்னாரு.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா
எலிசா சுந்தரராஜ்